குடியேற்றச் சீர்திருத்தத்தில் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் வேட்பாளரை நம்பலாமா?

அண்மையில் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, முதன்முறையாக வாக்களிக்கவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தம் மாநிலத்தில் செனட்டுக்கு நிற்பவர், ஆவணமின்றி வாழ்வோருக்குச் சட்டபூர்வ நிலை தர வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் பேசினார், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தல் வந்ததும் முதலில் எல்லையை அடைக்க வேண்டும் என்றார், இப்போது பொதுத்தேர்தல் நெருங்க இரண்டையும் கலந்து பேசுகிறார். நண்பர்கள் அவரைப் பொய்யர் என்கிறார்கள். நிலைப்பாட்டை மாற்றுவதே குற்றமா, இவரை நம்பலாமா என்பது கேள்வி. இதனுள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மாற்றம் நேர்மையானதா என்பது ஒன்று. நேர்மையானதாகவே இருந்தாலும், பதவிக்குப் போனபின் அவர் இப்போதைய சொல்லைக் காப்பாரா என்பது மற்றொன்று. நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இரண்டாவதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாக்காளருக்குப் பயன்படுவதும் அதுவே.

நான் கல்லூரியில் அமெரிக்க அரசாட்சி பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் ஒரு செனட்டரின் பெயரைக் கொடுத்து, குடியேற்றம் குறித்து அவர் பேசியவற்றையும் வாக்களித்தவற்றையும் தேதி வாரியாக எழுதிவரச் சொல்வேன். அந்தப் பயிற்சியில் கற்றதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். உங்கள் வேட்பாளரின் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை எந்தப் பதிவும் காட்டாது. அவர் எப்போது, எந்த அவையில், யார் முன்னால் என்ன சொன்னார் என்பதையும், அதனால் எதை இழக்கத் துணிந்தார் என்பதையும் பதிவுகள் காட்டும். அந்த எல்லைக்குள் நின்றே பேச முடியும்.

முதலில், இந்த அவநம்பிக்கை ஒரு தனிமனிதரிடமிருந்து தொடங்கியதல்ல என்பதைப் பார்க்க வேண்டும். 1986 நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் ஒரு பேரத்தின் மேல் நின்றது. 1982ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன்பிருந்தே நாட்டில் வாழ்ந்துவந்தவர்களுக்கும், விவசாயப் பணியில் குறிப்பிட்ட காலம் உழைத்தவர்களுக்கும் சட்டபூர்வ நிலை தரப்படும். பதிலாக, ஆவணமற்றவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகள் தண்டிக்கப்படுவார்கள். பேரத்தின் முதல் பாதி நிறைவேறியது. ஏறத்தாழ 27 லட்சம் பேர் சட்டபூர்வ நிலை பெற்றார்கள். இரண்டாம் பாதி நடைமுறையில் தேய்ந்துபோனது. ஆவணமற்றவர் என்று தெரிந்தே வேலைக்கு வைத்தால்தான் குற்றம். காட்டப்படும் ஆவணம் பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் அதற்குமேல் முதலாளி விசாரிக்க வேண்டியதில்லை. போலி ஆவணச் சந்தை வளர்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி, 1990இல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் தொகை 2007இல் சுமார் 1 கோடியே 22 லட்சமாக உயர்ந்தது. இவ்வளவு உயர்வுக்கும் அந்தச் சட்டம் மட்டுமே காரணமென்று சொல்ல முடியாது. மெக்சிகோவின் பொருளாதாரமும், அமெரிக்காவில் உழைப்புக்கிருந்த தேவையும், எல்லையில் காவல் இறுகியதால் வந்தவர்கள் திரும்பிப்போகத் தயங்கியதும் சேர்ந்தே அதை உருவாக்கின. ஆனால் குடியேற்றத்தைக் குறைக்க விரும்பிய வாக்காளரின் மனத்தில் பதிந்த பாடம் ஒன்றுதான்: சலுகை உடனே வரும், கண்டிப்பு பிறகு வரும் என்பார்கள், அந்தப் பிறகு வராது. அதன்பின் 'சீர்திருத்தம்' என்ற சொல்லை எந்த அரசியல்வாதி உச்சரித்தாலும், அவர்கள் காதில் 'பொதுமன்னிப்பு' என்றே விழுந்தது.

ஆகவே 2013இல் செனட்டின் இரு கட்சிகளையும் சேர்ந்த எட்டுப் பேர் புதிய சட்டவரைவைக் கொண்டுவந்தபோது, சண்டை முழுவதும் எது முன், எது பின் என்பதைச் சுற்றியே நடந்தது. அந்த வரைவில் குடியுரிமைக்குச் சுமார் 13 ஆண்டுப் பாதை இருந்தது. சுமார் 20,000 கூடுதல் எல்லைக் காவலர்களும் 700 மைல் வேலியும் இருந்தன. அவை நிறைவேறிய பிறகே பெரும்பாலானோருக்கு கிரீன் கார்டு என்ற நிபந்தனையும் இருந்தது. எட்டுப் பேரில் ஒருவரான குடியரசுக் கட்சியின் மார்கோ ரூபியோ, 2010இல் ஃபுளோரிடாவில் செனட்டுக்கு நின்றபோது, 'சம்பாதித்துப் பெறும் குடியுரிமைப் பாதை' என்பது பொதுமன்னிப்பின் மறுபெயர் என்று விவாதமேடையில் எதிர்த்தவர். மூன்றே ஆண்டுகளில் அத்தகைய பாதை ஒன்றை அவரே எழுதித் தந்தார். இடையில் நடந்தது 2012 அதிபர் தேர்தல். அதில் லத்தீன் வாக்காளர்களிடையே குடியரசுக் கட்சி படுதோல்வி கண்டிருந்தது. மனம் மாறியதா, கணக்கு மாறியதா என்ற ஐயம் அங்கேயே பிறந்துவிட்டது.

அந்த ஐயத்தை வளர்த்தது மாற்றத்தைவிட, அதை அவர் விளக்கிய விதம் என்பது என் கருத்து. பழமைவாத வானொலி நேயர்களிடம் எல்லைப் பாதுகாப்புக்கான நிபந்தனைகளை முன்னிறுத்தினார். 2013 ஜூனில் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியிலோ முதலில் சட்டபூர்வ நிலை, பிறகு எல்லைப் பாதுகாப்பு நடவடிக்கைகள் என்ற வரிசையில் சொன்னார். வரைவை ஊன்றிப் படித்தால் இரண்டு பேச்சுக்கும் இடமுண்டு. தற்காலிக நிலை முன்னதாகவே கிடைக்கும், நிரந்தர நிலைக்குத்தான் நிபந்தனைகள். ஆனால் கேட்டவர்கள் வரைவைப் படித்தவர்கள் அல்லர். செனட்டில் 68க்கு 32 என்று நிறைவேறிய வரைவைப் பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவே இல்லை. சில மாதங்களில் ரூபியோவும் பெரிய ஒற்றை வரைவைவிடச் சிறு சிறு சட்டங்களே நடக்கக்கூடியவை என்று ஒதுங்கினார். 2016இல் அவர் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, 2015இல் அவர் தந்த வேறொரு ஸ்பானியப் பேட்டியைச் சொந்தக் கட்சியின் போட்டியாளரே விவாதமேடையில் எடுத்து வீசினார். சீர்திருத்த ஆதரவாளர்கள் அவரைக் கைவிட்டவர் என்றார்கள். எதிர்ப்பாளர்கள் ஏமாற்றியவர் என்றார்கள். சொந்த மாநிலத்தின் உள்தேர்தலிலேயே தோற்றார். அந்தத் தோல்விக்குக் குடியேற்றம் மட்டுமே காரணம் என்று சொல்வது பிழை. அதே ஆண்டு நவம்பரில் அதே மாநிலம் அவரை மீண்டும் செனட்டுக்கு அனுப்பியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அரிசோனாவின் குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜான் மெக்கெய்னின் பதிவு வேறொரு பாடம் தருகிறது. 2005இல் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் டெட் கென்னடியுடன் சேர்ந்து சீர்திருத்த வரைவைக் கொண்டுவந்தவர் அவர். 2008 ஜனவரியில், கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்தபோது, தம் வரைவே மீண்டும் அவைக்கு வந்தால் வாக்களிக்க மாட்டேன், மக்கள் முதலில் எல்லைப் பாதுகாப்பைக் கேட்கிறார்கள் என்றார். 2010இல் அரிசோனா உள்தேர்தலில் வலப்பக்கத்திலிருந்து போட்டி வந்தபோது, எல்லையோரத்தில் ஷெரிஃப் ஒருவருடன் நடந்தபடி வேலியைக் கட்டி முடியுங்கள் என்று விளம்பரத்தில் பேசினார். அதே ஆண்டு டிசம்பரில், சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்களுக்கான 'ட்ரீம்' வரைவுக்கு எதிராக வாக்களித்தார். முன்னர் அதை ஆதரித்தவர்தான். 2013இல் மீண்டும் அந்த எட்டுப் பேரில் ஒருவரானார். அடுத்த தேர்தல் அப்போது மூன்று ஆண்டுகள் தள்ளியிருந்தது. தேதிகளை வரிசையாக எழுதினால் மாணவர்கள் தாமாகவே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: உள்தேர்தல் அருகில் வரும்போது வேலி, தூரத்தில் இருக்கும்போது சீர்திருத்தம். இதைக் கோழைத்தனம் என்று சொல்லலாம். ஆனால் அவர் எந்தப் பக்கம் சாய்ந்தவர் என்பதை ஆபத்தில்லாத ஆண்டுகளின் செயல் காட்டியது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதை நம்புகிறேன். ஆயினும், 2010இல் அவரை நம்பி வேலிக்காக வாக்களித்த அரிசோனாக்காரருக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது. அவர் ஏமாற்றப்பட்டார் என்பதே உண்மை.

இங்கே 2014 ஜூன் 10ஆம் தேதியைச் சொல்லாமல் கடக்க முடியாது. அன்று குடியரசுக் கட்சியின் இருவர் உள்தேர்தலைச் சந்தித்தார்கள். வர்ஜீனியாவில், பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவரான எரிக் கேன்டர். தென் கரோலைனாவில் செனட்டர் லிண்ட்சி கிரகாம்; அவரும் 2013 வரைவை எழுதிய எட்டுப் பேரில் ஒருவர், வரைவுக்கு வாக்களித்தவர், அதற்காகப் பெயரோடு சேர்த்துக் கேலி செய்யப்பட்டவர். சிறுவயதில் வந்தவர்களுக்கு மட்டுமேனும் ஏதாவது செய்யலாம் என்று ஒருபக்கம் பேசிவந்த கேன்டர், தேர்தல் நெருங்கியதும், பொதுமன்னிப்புத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியவர் தாமே என்று வீடுகளுக்கு அஞ்சல் அனுப்பினார். கேன்டர் ஏறத்தாழ 11 புள்ளிகளில் தோற்றார். முதல் முறையாகப் போட்டியிட்ட ஒரு பேராசிரியர் அவரை வென்றார். கிரகாம் ஆறு எதிராளிகளுக்கு நடுவே ஏறத்தாழ 56 விழுக்காடு பெற்று வென்றார். இதை வைத்து 'துணிந்து நின்றால் வெல்லலாம்' என்று விதி வகுப்பது தவறு. தொகுதியைக் கேன்டர் கவனிக்கவில்லை என்ற மனக்குறை பலமாக இருந்தது. கிரகாமின் எதிராளிகள் வாக்குகளைப் பிரித்துக்கொண்டார்கள், ஒரு மாநிலம் முழுவதும் விளம்பரம் செய்யும் பணமும் அவர்களிடம் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: சீர்திருத்தத்தை ஆதரித்ததே ஒருவரை வீழ்த்தப் போதுமானது என்பது அந்த ஒரே நாளில் பொய்யாகிவிட்டது. ஆதரவையும் எதிர்ப்பையும் ஒருங்கே காட்டியவர் இரு தரப்பிலும் நம்பிக்கையை இழந்தார் என்பது என் வாசிப்பு. அதை மறுப்போரும் உண்டு.

அப்படியானால் நியாயமான மாற்றம் என்று ஒன்று உண்டா? உண்டு. 2000ஆம் ஆண்டில் எல்லையில் பிடிபட்ட சுமார் 16 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் வேலை தேடிவந்த மெக்சிகோ ஆண்கள். 2014க்குப் பிறகு, மத்திய அமெரிக்காவிலிருந்து குழந்தைகளுடன் வந்து அதிகாரிகளிடம் தாமாகவே ஒப்படைத்துக்கொண்டு புகலிடம் கேட்ட குடும்பங்கள் பெருகின. 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் தெற்கு எல்லையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பிடிபட்டனர். முதல் நிலைமைக்கு எழுதிய தீர்வை மூன்றாவதற்கும் சொல்லிக்கொண்டிருப்பவரைக் கொள்கையாளர் என்று நான் பாராட்ட மாட்டேன். மக்களே மாறுகிறார்கள்: கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் குடியேற்றம் குறைய வேண்டும் என்றவர்கள் 2024இல் 55 விழுக்காடு, ஓராண்டு கழித்து 30 விழுக்காடு. முதலாளிகளைத் தண்டிக்கும் சட்டத்தை 1986இல் ஆதரித்த ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பு, அந்தச் சட்டமே தொழிலாளர்களை மிரட்டும் கருவியாக மாறியதைக் கண்டு 2000இல் அதை நீக்கக் கோரியது. காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, அந்தக் காரணம் உலகில் உண்மையிலேயே நிகழ்ந்தும் இருந்தால், அந்த மாற்றத்தைக் கற்றல் என்றே கொள்ள வேண்டும்.

தொகுதி மாறும்போது நிகழும் மாற்றம் இதைவிடச் சிக்கலானது. ஜனநாயகக் கட்சியின் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் நியூயார்க்கின் வடபகுதிக் கிராமப்புறத் தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்தபோது குடியேற்றத்தில் கண்டிப்பானவர். ஆவணமற்றோருக்கு ஓட்டுநர் உரிமம் தருவதை எதிர்த்தவர். 2009இல் மாநிலம் முழுவதற்குமான செனட்டராக நியமிக்கப்பட்டதும் எதிர்ப்பக்கம் வந்தார். பிரதிநிதி என்பவர் தம் மக்களின் குரல் என்று கொண்டால் இது கடமை. தம் மனச்சாட்சியின் குரல் என்று கொண்டால் இது சரிவு. அவரோ பின்னாளில், பழைய நிலைப்பாட்டுக்காக வெட்கப்படுவதாகவும், மற்றவர்களின் துன்பத்தை அறிய முயலாதது தம் தவறு என்றும் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று: புதிய தொகுதியினர் கேட்க விரும்பியதும் அந்த ஒப்புதல்தான். அது அவருக்கு எதையும் இழக்கச் செய்யவில்லை. எனவே அவருடைய நேர்மைக்கு அது சான்றாகாது, எதிர்ச்சான்றும் ஆகாது. இத்தகைய இடங்களில் 2009க்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதே கணக்கு. அதன்பின் அவர் பின்வாங்கவில்லை.

மாறாத நிலைப்பாடும் அவநம்பிக்கையைப் பெறலாம் என்பதற்கு ஒபாமா சான்று. முதல் ஆண்டிலேயே சீர்திருத்த வரைவு என்று 2008இல் சொன்னார், வரவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் நாடுகடத்தல்கள் நடந்தன. காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தை மீறித் தம்மால் தனியே எதுவும் செய்ய முடியாது என்று 2011இல் விளக்கியவர், 2012 ஜூனில், தேர்தலுக்கு ஐந்து மாதங்கள் முன், சிறுவயதில் வந்தவர்களுக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு தரும் 'டாக்கா' திட்டத்தை நிர்வாக நடவடிக்கையாக அறிவித்தார். என்ன வேண்டும் என்பதில் அவர் மாறவில்லை. எது தம் கையில் இருக்கிறது என்பதில் மாறினார். வாக்காளருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் ஆசையையும் அதிகாரத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும் என்று மாணவர்களிடம் வற்புறுத்துவேன். செனட்டில் பெரும்பாலான வரைவுகளை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 வாக்குகள் வேண்டும். 51 பேர் மனமார ஆதரித்தாலும் ஒன்றும் நகராது.

வாக்குப் பதிவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 'எதிர்த்து வாக்களித்தார்' என்ற வரி தன்னளவில் எதையும் சொல்வதில்லை. 2007இல் செனட்டுக்கு வந்த குடியேற்றச் சீர்திருத்த வரைவை இடதுசாரிச் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் எதிர்த்தது தற்காலிகத் தொழிலாளர் திட்டம் ஊதியத்தைக் கீழே இழுக்கும் என்பதற்காக. குடியேறிகளை வெளியேற்றுவதற்காக அல்ல. 2024 பிப்ரவரியில் எல்லைப் பாதுகாப்பு வரைவு ஒன்றை மாதக்கணக்கில் பேசி உருவாக்கியவர்களில் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டும் ஒருவர். ட்ரம்ப் எதிர்த்ததையொட்டி அவர் கட்சியினரில் நால்வரைத் தவிர எல்லோரும் கைவிட்டபோதும் அவர் வரைவுக்கு ஆதரவாகவே வாக்களித்தார். மூன்று மாதங்கள் கழித்து அதே எல்லைப் பகுதியை ஜனநாயகக் கட்சித் தலைமை தனியாக மீண்டும் வாக்கெடுப்புக்கு வைத்தபோது, இது சட்டம் செய்வதற்கான வாக்கெடுப்பல்ல, தேர்தல் நாடகம் என்று எதிர்த்தார். தேதியின்றிப் படித்தால் அவர் நிலைமாறியவர். தேதியோடு படித்தால் பிப்ரவரி வாக்கின் துணிவு தெரியும். அந்த வாக்குக்காகச் சொந்தக் கட்சியில் அவர் பட்ட வசை சிறிதல்ல.

வாக்காளர்களாகிய நம்மைப் பற்றியும் ஒன்று. 2017இல் வெளியான சமூக உளவியல் ஆய்வு ஒன்றில், ஒரு நிலைப்பாட்டை அறம் சார்ந்ததாக முன்வைத்துவிட்டுப் பின் மாற்றிய தலைவர்கள், நடைமுறைக் காரணம் சொல்லிப் பேசி மாற்றியவர்களைவிடக் கூடுதலாகப் பாசாங்குக்காரர்களாகக் கருதப்பட்டார்கள். குடியேற்றத்தைப் பற்றி இரு தரப்பும் அறத்தின் மொழியில்தான் பேசுகின்றன: ஒருபுறம் சட்டத்தை மதித்தல், மறுபுறம் குடும்பங்களைப் பிரிக்காமை. ஆகவே வரிவிகிதத்தில் மன்னிக்கப்படும் மாற்றம் இங்கே மன்னிக்கப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்டது வாக்குச்சாவடியில் எவ்வளவு எடை பெறும் என்பது வேறு கேள்வி. கட்சிப் பற்று பெரும்பாலும் அதை விழுங்கிவிடுகிறது. நம் பக்கத்தவர் மாறினால் முதிர்ச்சி, அவர்கள் பக்கத்தவர் மாறினால் துரோகம் என்று நம்மையறியாமலே சொல்லிவிடுகிறோம். உங்கள் நண்பர்களின் 'பொய்யர்' என்ற சொல்லிலும் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாருங்கள்.

கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருக்கலாம். அதனால் இதையும் சொல்கிறேன். 'சட்டபூர்வக் குடியேற்றத்தை நான் ஆதரிக்கிறேன்' என்பது எந்தச் செலவும் இல்லாத வாக்கியம். வேலைவாய்ப்பு வழியான கிரீன் கார்டுகளில் எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பை நீக்கும் வரைவு 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் அதன் வேறொரு வடிவத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இரண்டு வடிவங்களையும் இணைக்கும் வேலையை எவரும் முடிக்காமல் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது. அத்தனை பேரும் ஆதரவாளர்கள் என்று பதிவில் இருக்கிறார்கள், வரிசையோ அப்படியே நிற்கிறது.

உங்கள் வேட்பாளரிடம் நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், 'ஏன் மாறினீர்கள்' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். 2013 வரைவு இன்று அதே வடிவில் வந்தால் வாக்களிப்பீர்களா, மாட்டீர்கள் என்றால் அதில் எந்தப் பிரிவு தடை என்று கேளுங்கள். சட்டபூர்வ நிலையும் எல்லை நடவடிக்கையும் எந்த வரிசையில் வர வேண்டும், இரண்டாவது நிகழ்ந்துவிட்டது என்று யார் சான்று தருவது என்று கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, உள்தேர்தலின்போது அவர் தம் கட்சியின் தீவிர ஆதரவாளர்களிடம் பேசிய காணொளியைத் தேடி எடுத்து, இதே இரண்டு கேள்விகளுக்கு அங்கே என்ன சொல்லியிருக்கிறார் என்று ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் பதில் ஒன்றாக இருந்தால், அது உங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும், அவர் எப்படி வாக்களிப்பார் என்று உங்களால் ஓரளவு கணிக்க முடியும். வேறாக இருந்தால், அடுத்த உள்தேர்தல் எந்த ஆண்டு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். செனட்டருக்கு அது ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை.